மருட்கையும் மாயாவியும்: பேராற்றல் நாயகர் சித்திரக்கதைகள் தமிழில் மீண்டெழாமை பற்றிய ஆய்வு

தோற்றுவாய்

மக்கள் விரும்பிப் படிப்பன எல்லாம் அறிஞர் விரும்பி ஆராய்வன ஆவதில்லை. பெரிய எழுத்துக் கதைகளும் அம்மானைகளும் கற்றோர் அவையில் இடம்பெறாது நெடுங்காலம் கிடந்தன. அவற்றைப் படித்துச் சுவைத்த தலைமுறை மறையத் தொடங்கிய பின்னரே, அவை நாட்டார் இலக்கியம் என்னும் பெயரால் ஆய்வுக்குரியன ஆயின. காமிக்ஸ் என்று வழங்கும் சித்திரக்கதை இன்று அந்நிலையில் நிற்கின்றது. அதனைப் படித்து வளர்ந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆதலின் ஆராய்தற்கு இதுவே ஏற்ற காலம் ஆகும்.

சித்திரக்கதை வகைகளுள் ஒன்றனை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றலோ, அத்தகைய ஆற்றல் தரும் கருவியோ உடைய நாயகனைப் பற்றிய கதையே அது. அந்நாயகனைச் சூப்பர் ஹீரோ என்பர். இக்கட்டுரையில் பேராற்றல் நாயகன் எனக் குறிப்போம். 1972 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழ்ச் சிறாரின் உள்ளத்தை ஆண்ட இந்நாயகர், அதன்பின் செல்வாக்குக் குன்றினர். 2012இல் தமிழ்க் காமிக்ஸ் இதழ்கள் புத்துயிர் பெற்றபொழுதும் அவர்கள் பழைய இடத்தை மீண்டும் பெற்றிலர். இதழ் மீண்டது, நாயகன் மீளவில்லை. இதற்குக் காரணம் யாது என்பதே நம் வினா.

இவ்வினாவிற்கு விடைகாணும் களமாக, நாம் நன்கு அறிந்த தரங்கம்பாடிப் பகுதியைக் கொள்கின்றோம். சீகன்பால்கு முதலியோரின் முயற்சியால் 1713 முதல் தமிழ் எழுத்து அச்சேறிய ஊர் அது. அதற்கு வடக்கே அதே கடற்கரையில், மணிமேகலைக் காப்பியத்தின் முற்பகுதி நிகழும் பூம்புகார் உள்ளது. அச்சும் அற்புதக் கதையும் பழகிய இக்காவிரிக் கழிமுகத்தில், அச்சிட்ட அற்புதக் கதை எவ்வாறு வந்தது, எவ்வாறு அகன்றது என்று காண்பது பயனுடைத்து.

மருட்கையின் நிலைக்களன்

பேராற்றல் நாயகன் கதையைப் படிப்பவனிடத்துத் தோன்றும் சுவை யாது? வீரம் என்று விடை கூறத் தோன்றும். கூர்ந்து நோக்கின் அவ்விடை முழுதும் பொருந்தாமை புலனாகும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வீரச்சுவையைப் பெருமிதம் எனவும், வியப்புச் சுவையை மருட்கை எனவும் வேறுபிரித்துக் கூறினார். பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன நிலைக்களன்கள். மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன நிலைக்களன்கள். முன்னது நாயகனின் பண்பிலிருந்து பிறப்பது. பின்னது காணப்படும் பொருளின் இயல்பிலிருந்து பிறப்பது.

தமிழ்ச் சிறாரை முதன்முதலிற் கவர்ந்த இரும்புக்கை மாயாவியை இவ்வளவைகளால் அளந்து பார்ப்போம். ஆய்வுக்கூட உதவியாளனாகிய கிராண்டல் ஒரு கையை இழந்து, அதற்கு ஈடாக இரும்புக் கையைப் பொருத்திக்கொள்கின்றான். மின்சாரம் பாய்ந்தவுடன் அவன் உடல் மறைந்துவிடுகின்றது. இரும்புக் கை மட்டுமே பிறர் கண்ணுக்குத் தெரிகின்றது. முன்பு கேட்டிராத இக்கற்பனை புதுமையின்பாற்படும். மனிதன் வெற்றிடமாகத் திரிவது ஆக்கம். அவன் மோதும் பகைவரின் பேரியந்திரங்களும் வானளாவிய கட்டடங்களும் பெருமை. இரும்பு விரல்களுக்குள் அடங்கிய நுண்கருவிகள் சிறுமை. நான்கு நிலைக்களன்களும் ஒருங்கே அமைந்த கதை இது. ஆனால் பெருமிதம் இதில் முதன்மை பெறவில்லை. முதற்கதையில் கிராண்டல் தன் ஆற்றலைத் தீய வழியிற் செலுத்துபவனாகவே வருகின்றான். பின்னரே உளவுப்பணியிற் சேர்ந்து நல்லோன் ஆகின்றான். பண்பு பின்வந்தது, வியப்பே முன்வந்தது.

மருட்கைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அதன் நான்கு நிலைக்களன்களுள் புதுமை தேய்ந்தால் ஏனைய மூன்றும் வலியிழக்கும். பெரிய பொருளும் பன்முறை கண்டபின் பெரிதாகத் தோன்றாது. உடல் மறைதலைப் பத்தாம் முறை படிப்பவனுக்கு அது வியப்பன்று, அறிந்த செய்தி. ஆதலின் மருட்கையை உயிராகக் கொண்ட இலக்கியம் நிலைபெற வேண்டுமாயின் இரண்டில் ஒன்று வேண்டும். இடையறாது புதிய கதை தோன்றுதல் வேண்டும். அன்றி இடையறாது புதிய வாசகன் தோன்றுதல் வேண்டும். இரண்டும் நின்றுவிடின் அவ்விலக்கியம் நிற்றல் அரிது.

பழங்காப்பியப் புலவர் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர் எனலாம். மணிமேகலை வேற்றுரு எய்தவும், வான்வழியே செல்லவும், பசி ஒழிக்கவும் மந்திரங்கள் பெறுகின்றாள். காயசண்டிகையின் வடிவுகொண்டு புகார் நகரில் உலவுகின்றாள். இவை மருட்கை தரும் செய்திகளே. ஆயினும் காப்பியத்தின் சுவை இவற்றோடு முடிவதில்லை. அமுதசுரபி ஏந்தி ஆருயிர்களின் பசி தீர்க்கும் கொடையில் அது சென்று நிலைபெறுகின்றது. வியப்பு வாயிலாக அமைய, அறம் மாளிகையாக அமைந்தது. வாயிலைப் பன்முறை கடந்தவனும் மாளிகையின் பொருட்டு மீண்டும் வருகின்றான்.

நாயகர் வந்த வழி

உலக அளவில் இவ்வகைக் கதை 1938இல் அமெரிக்காவில் வெளியான சூப்பர்மேன் கதையோடு தொடங்கிற்று என்பர். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைந்தார். தமிழருக்கு முதலில் நெருக்கமானவர் இச்சூப்பர்மேன் அல்லர். லீ ஃபாக் 1936இல் படைத்த முகமூடி வீரர், 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வாயிலாக இந்திய மொழிகளிற் பரவினார். பிற்காலத்தில் ராணி காமிக்ஸ் அவருக்கு முகமூடி வீரர் மாயாவி என்னும் பெயரிட்டது. தமிழில் மாயாவி என்னும் சொல் இவ்வாறு இருவேறு நாயகரைக் குறிப்பதாயிற்று. மாயம் வல்லோன் என்னும் பழங்கருத்து, விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் கேட்ட செவிகளுக்கு அயலாகத் தோன்றவில்லை.

1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியையே முதல் இதழாக வெளியிட்டது. அக்கதையின் மூலம் இலண்டனில் வெளிவந்த 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழ். 1962இல் அதில் தொடங்கிய தொடரைக் கென் புல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ வரைந்தார். 1984இல் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே ராணி காமிக்ஸும் தோன்றிற்று. லயன் வழியே ஸ்பைடர் என்னும் குற்றப் பேரரசனும், ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனும் தமிழ் பேசினர். இவ்விருவரும் இலண்டனின் 'லயன்' வார இதழிற் பிறந்தவர்கள். 1965இல் தோன்றிய ஸ்பைடரின் தொடக்கக் கதைகளை டெட் கோவன் எழுதினார். பின்னர் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலே ஆவார். அமெரிக்காவில் எழுந்த நீரோட்டம் இலண்டன் வழியே சிவகாசிக்கு வந்து சேர்ந்தமை இதனால் விளங்கும்.

இவ்வரலாற்றில் நாம் உற்றுநோக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. இலண்டன் 'லயன்' இதழ் 1974இல் 'வேலியண்ட்' இதழோடு இணைக்கப்பட்டது. 'வேலியண்ட்' இதழும் 1976இல் தனி இதழாக வருதல் ஒழிந்தது. ஆகவே தமிழில் ஸ்பைடர் அறிமுகமான 1984ஆம் ஆண்டிலேயே அவனுடைய ஊற்று வற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ்ச் சிறார் அருந்தியது ஏரியில் தேங்கிய நீர். ஏரி பெரிது, ஆதலின் சில ஆண்டுகள் குறை தெரியவில்லை. மேட்டூரில் நீர் திறவாத ஆண்டில் கடைமடையில் நிகழ்வது பின்னர் இங்கும் நிகழ்ந்தது. புதிய மாயாவிக் கதை இல்லை. பழங்கதைகளே சுழன்று வந்தன. மருட்கைக்கு வேண்டிய இரண்டனுள் ஒன்றாகிய புதிய கதை இவ்வாறு அற்றது.

கடைத்தெருவும் கைம்மாற்றும்

எஞ்சியது புதிய வாசகன். அவன் எவ்வழியே வந்தான் என்பதைத் தரங்கம்பாடி, பொறையாறு போன்ற சிற்றூர்க் கடைத்தெருக்களில் காணலாம். 1980களின் பிற்பகுதியில் பெட்டிக்கடையின் முகப்பில் ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். வார இதழ்களோடு காமிக்ஸ் இதழ்களும் அதில் மடித்துத் தொங்கவிடப்பட்டிருக்கும். சிறுவன் கடைக்கு வந்தது உப்பும் சீனியும் வாங்குதற்கே. அட்டையிலுள்ள இரும்புக் கை அவன் கண்ணில் தானே பட்டது. அவன் தேடிச் செல்லவில்லை. கதை அவனை எதிர்கொண்டது.

ஓர் இதழை வாங்கியவன் ஒருவன், படித்தவர் பலர். இரண்டு பழைய இதழ் கொடுத்து ஒரு புதிய இதழ் பெறும் மாற்று முறை மாணவரிடையே நிலவிற்று. வாடகை நூல்நிலையங்கள் சில காசுக்கு இதழைப் படிக்கத் தந்தன. பழைய தாள் கடைக்கு எடைக்குச் சென்ற இதழும் அங்கிருந்து மீண்டு வேறொருவன் கையில் ஏறிற்று. அட்டையும் முதற்பக்கங்களும் கிழிந்து, தொடக்கம் அறியாமலே படிக்கப்பட்ட கதைகள் பல. மாயாவிக்கு இரும்புக் கை வந்த வரலாற்றை அறியாமலே அவன் கதைகள் பலவற்றைப் படித்த சிறுவர் உளர். தொடக்கம் தெரியாமை மருட்கையைக் குறைக்கவில்லை, மிகுத்தது.

இம்முறையில் மற்றொரு நுட்பமும் அடங்கியிருந்தது. பதின்மூன்று பதினான்கு வயதினன் இவ்விதழ்களை விட்டு நீங்கும்பொழுது, அவன் தொகுப்பு ஒன்பது வயதுத் தம்பிக்கோ அடுத்த வீட்டுச் சிறுவனுக்கோ சென்றது. அண்ணனுக்குப் பழையதாகிய கதை தம்பிக்குப் புதியது. கதை மாறாவிடினும் வாசகன் மாறினான். ஆதலின் மருட்கை மாறாது நின்றது. புதிய கதை வராத குறையை நெடுநாள் ஈடுசெய்தது இக்கைம்மாற்றே என்பது நம் துணிபு.

தளர்ச்சிக்குக் கூறப்படும் காரணங்கள்

சித்திரக்கதையின் தளர்ச்சிக்குத் தொலைக்காட்சியே காரணம் என்பர் பலர். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. சிறாருக்கெனவே 2007இல் சுட்டி தொலைக்காட்சி வந்தது. 2002இல் ஸ்பைடர்மேன் திரைப்படம் தமிழ் பேசிற்று. மறைதலையும் பறத்தலையும் அசைந்து காட்டும் திரைக்கு முன், அசையாத கட்டங்கள் மருட்கை தருவதில் பின்தங்கின என்பது உண்மையே. ஆயினும் இக்காரணம் ஒன்றே போதுமாயின் சித்திரக்கதைகள் யாவும் ஒருங்கே வீழ்ந்திருத்தல் வேண்டும். 2012க்குப் பின் பிற வகைக் கதைகள் வாசகர் பெற்று வாழ்கின்றன. பேராற்றல் நாயகர் கதையே பின்தங்கிற்று. எனவே தொலைக்காட்சி காரணங்களுள் ஒன்றேயன்றி முழுக்காரணம் அன்று.

நாயகர் அயல்நாட்டார் ஆதலின் நிலைபெற்றிலர் என்பது மற்றொரு கருத்து. இதனை இந்தி மொழியின் நிலையோடு ஒப்பிட்டு ஆராயலாம். ராஜ் காமிக்ஸ் நிறுவனம் 1986இல் நாகராஜ், 1987இல் துருவன் என இந்திய மண்ணிலேயே பிறந்த நாயகரைப் படைத்தது. அவர்கள் பெரும் புகழ் பெற்றனர். ஆயினும் 1990களின் பிற்பகுதி முதல் அங்கும் விற்பனை தளர்ந்தது. சொந்த நாயகன் இருந்தமையால் புதிய கதை வற்றவில்லை. எனினும் புதிய சிறுவன் வருவது அங்கும் குறைந்தது. ஆகவே நாயகனின் பிறப்பிடமும் முழுக்காரணம் ஆகாது.

சித்திரக்கதை படிப்பைக் கெடுக்கும் என்னும் பெற்றோர் எண்ணத்தைச் சிலர் சுட்டுவர். அவ்வெண்ணம் இதழ்கள் செழித்த காலத்திலும் இருந்தது. பாடநூலுக்குள் மறைத்துப் படிப்பதே அக்காலச் சிறுவனுக்கு ஓர் இன்பமாயிற்று. ஆதலின் இதனை விரித்தல் வேண்டா.

அமெரிக்கச் சான்று

ஒருமுறை வீழ்ந்த பேராற்றல் நாயகர் மீண்டெழ முயன்ற வரலாறு அமெரிக்காவிலும் உண்டு. அஃது இவ்வாய்வுக்குப் பெரிதும் துணைசெய்கின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செழித்த அந்நாயகர், போர் முடிந்தபின் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் உமன் முதலிய சிலரே இடையறாது எஞ்சினர். கேப்டன் மார்வெல் கதைகளை வெளியிட்ட ஃபாசெட் நிறுவனம் 1953இல் அவற்றை நிறுத்திற்று. அவ்வாண்டின் இறுதியில் அட்லஸ் நிறுவனம் கேப்டன் அமெரிக்கா, ஹ்யூமன் டார்ச், சப்-மரீனர் ஆகிய பழைய மூவரையும் மீண்டும் களமிறக்கிற்று. நாயகர் பழையவர், ஆற்றல் பழையது, பகைவரின் அரசியற் பெயர் மட்டுமே புதிது. 1955க்குள் அம்முயற்சி முற்றும் ஓய்ந்தது. சித்திரக்கதைகள் சிறாரைக் கெடுக்கின்றன என்னும் குரல் 1954இல் ஓங்கியதும், பதிப்பாளர் தமக்குத்தாமே கட்டுப்பாட்டு விதி வகுத்துக்கொண்டதும் அம்முயற்சிக்கு இடையூறாயின.

அடுத்த ஆண்டாகிய 1956இல் வேறொரு நிறுவனம் ஃபிளாஷ் என்னும் பழைய பெயரை எடுத்தது. பெயரையும் விரைவு என்னும் ஆற்றலையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆளையும் உடையையும் பிறப்பு வரலாற்றையும் முற்றிலும் மாற்றிற்று. புதிய ஃபிளாஷ் காவல்துறை அறிவியலாளன். மின்னலும் வேதிப்பொருள்களும் சேர்ந்து அவனுக்கு ஆற்றல் தந்தன. அம்முயற்சி வென்றது. அதன் தொடர்ச்சியாகவே 1960களின் இரண்டாம் எழுச்சி அமைந்தது. விதி வகுத்த கட்டுப்பாடு இரண்டு முயற்சிகளின் காலத்திற்கும் பொது. ஆதலின் வேறுபாடு புதுமையில் உள்ளது என்பது தெளிவு. பழைய நாயகனை அவ்வாறே திரும்ப அழைத்தவர் தோற்றனர். பெயரை வைத்துப் பொருளைப் புதுக்கியவர் வென்றனர்.

2012க்குப் பின்

தமிழ்நிலைக்கு மீள்வோம். இந்திரஜால் 1990இலும், ராணி காமிக்ஸ் 2005இலும் நின்றன. லயனும் முத்துவும் இடையிடையே தடைப்பட்டு வந்தன. 2012 சனவரியில் 100 ரூபாய் விலையில் வெளிவந்த சிறப்பிதழோடு அவற்றின் புதிய காலம் தொடங்கிற்று. வழவழப்பான தாளும் பல வண்ண அச்சும் உயர்ந்த கட்டமைப்பும் வந்தன. ஆண்டுச் சந்தா, புத்தகக் காட்சி, இணைய விற்பனை என்பன வழிகளாயின. தமிழில் ஒரு சித்திரக்கதை இதழ் நிலைபெற இவ்வழிகள் தேவையாயின என்பதையும், பதிப்பாசிரியரின் விடாமுயற்சி போற்றத்தக்கது என்பதையும் மறுத்தற்கில்லை.

ஆனால் இவ்வழிகள் எவரை அழைத்துவந்தன என்பது கருதற்பாலது. சந்தா செலுத்துவோர் பெரும்பாலும் தம் இளமையில் இவ்விதழ்களைப் படித்தோர். அவர்களுக்காக மாயாவியும் ஸ்பைடரும் மறுபதிப்பாக வந்தனர். அப்பதிப்புகள் தரும் சுவை மருட்கை அன்று. மெய்ப்பாட்டியலிலேயே அதற்கு வேறு பெயர் உண்டு. எட்டு மெய்ப்பாடுகளுக்குப் புறம்பாகத் தொல்காப்பியர் தொகுத்துரைக்கும் முப்பத்திரண்டனுள் ஒன்றாகிய நினைதல் என்பதே அது. நாற்பது வயதினன் மறுபதிப்பைத் திறக்கும்பொழுது அவன் காண்பது மாயாவியை அன்று. மாயாவியைக் கண்ட தன்னை. நினைதல் இனியதே. ஆயினும் அது தான் முன் பெற்றதைச் செலவிடும் சுவை; புதிதாக ஈட்டும் சுவை அன்று.

அவர்களே இன்று ஆர்வத்தோடு புதிதாகப் படிப்பது டெக்ஸ் வில்லர் போன்றோரின் கதைகளை. 1948இல் இத்தாலியிற் பிறந்த இக்குதிரை வீரருக்கு இயற்கை கடந்த ஆற்றல் எதுவும் இல்லை. அஞ்சாமை, நடுவுநிலை, நண்பரைக் கைவிடாமை என்பனவே அவருடைய வலிமை. அதாவது, அவர் கதை பெருமிதத்தின்மேல் நிற்பது. பெருமிதம் படிக்குந்தோறும் தேய்வதில்லை. வாழ்வின் அல்லல் அறிந்த வாசகனுக்கு அது மேலும் ஆழமாகின்றது. ஒரே இதழ், ஒரே தாள், ஒரே வாசகர். அங்ஙனமாகவும் குதிரை வீரன் வளர, மாயாவி நினைவாக நின்றுவிட்ட காரணம் இதுவே எனலாம்.

சிறுவனின் நிலை யாது? தரங்கம்பாடிக் கடைத்தெருவில் கயிறு இன்றும் உள்ளது. அதில் ஷாம்பூ உறைகளும் தின்பண்டப் பொட்டலங்களும் தொங்குகின்றன. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இதழ் கயிற்றில் தொங்குதற்குரியது அன்று. அஃது அஞ்சலில் வந்து அலமாரியில் புகுகின்றது. விலையுயர்ந்த இதழைக் கைம்மாற்றுக்கு விடுவாரும் இலர். ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் சிறார் பலருக்குத் தமிழ்க் கட்டங்களை விரைந்து படிக்கும் பழக்கமும் குறைந்துள்ளது. அச்சிறுவனுக்கு மருட்கை வேண்டாமற் போகவில்லை. 2019இல் தமிழ் பேசிய அவெஞ்சர்ஸ் படத்தையும், செய்தித்தாளுக்குச் சித்திரக்கதை வரையும் இளைஞனையே நாயகனாகக் கொண்ட 2023ஆம் ஆண்டின் மாவீரன் படத்தையும் அவன் கண்டு மகிழ்கின்றான். சித்திரக்கதை வரைபவன் திரைக்கதைக்குப் பொருளாகிவிட்டான். அவன் வரைந்த தாள் சிறுவன் கைக்கு வரவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. பேராற்றல் நாயகர் கதையின் உயிர் மருட்கை. மருட்கை ஒரு வாசகனிடத்து நெடிது நில்லாது. ஆதலின் அதற்குப் புதிய கதையேனும் புதிய வாசகனேனும் வேண்டும். தமிழில் புதிய கதை, இலண்டன் மூல இதழ்கள் நின்றபொழுதே அற்றது. புதிய வாசகன், மலிவு விலையும் கைம்மாற்றும் நின்றபொழுது அற்றான். மறுமலர்ச்சி பழைய வாசகனைக் காத்தது. அவனால் நினைதலையும் பெருமிதத்தையும் பெற இயலும். ஒன்பது வயதின் வியப்பை மீட்டும் பெற இயலாது.

இது சித்திரக்கதைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தமிழ்ச் சிறுவன் பள்ளிப் பாடத்திற்கு வெளியே, தானே விரும்பித் தமிழ் படிக்கும் வாயில்களுள் ஒன்று மூடியுள்ளது என்பதே இதன் உட்பொருள். அவ்வாயிலைத் திறக்க விரும்புவோர் மாயாவியை உயர்ந்த தாளில் திரும்ப அச்சிடுதலோடு அமைதல் கூடாது. இக்கடற்கரையிலேயே வான்வழிச் சென்ற மணிமேகலைக்கும், கதைப்பாடல் வீரர்களுக்கும் புதிய வடிவு தந்து, சிறுவன் கைக்காசுக்கு எட்டும் விலையில், அவன் உப்பு வாங்க வரும் கடையிலேயே கிடைக்கச் செய்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணியும் ஒன்று உண்டு. 1972 முதல் வெளிவந்த இதழ்கள் இன்று தனியார் சேகரிப்புகளில் சிதறியுள்ளன. மலிவுத் தாளில் அச்சானமையின் விரைந்து அழிகின்றன. அவற்றைத் தொகுத்து, ஆண்டுவரிசை அட்டவணை அமைத்து, மொழிபெயர்ப்பின் சொல்லாட்சியை ஆராய்வது முதுகலை மாணவருக்கு நல்லதோர் ஆய்வுப்பொருளாகும்.